ஹெட்செட் வாங்கும் முன் ப்ளக் பாயின்ட்டை எண்ணுங்கள்

கல்லூரி நூலகத்தை நவீனப்படுத்த நிதி வந்துவிட்டால், கொள்முதல் பட்டியலில் இப்போதெல்லாம் விஆர் ஹெட்செட்தான் (கண்ணை மூடி அணிந்தால் முப்பரிமாண மெய்நிகர் உலகைக் காட்டும் கருவி) முதலில் நிற்கிறது. பல வருடமாக நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு அது பட்டியலில் இருப்பது பிரச்சினை இல்லை. முதலில் இருப்பதுதான் இடிக்கிறது.

தேர்வு நெருங்கும் நாட்களில் கவுண்டரில் உட்கார்ந்தபடியே கவனியுங்கள். உள்ளே வரும் மாணவர் அலமாரிப் பக்கம் பார்ப்பதில்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்க்கிறார். ப்ளக் பாயின்ட் இருந்தால் பையை வைக்கிறார், இல்லாவிட்டால் அடுத்த மேசை. சுவரோரத்து நாற்காலிகளுக்குப் போட்டி நடக்கும்போது நடுக்கூடம் காலியாகக் கிடக்கும். நான்கு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட்டைப் பேசி முடிக்க இடமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கிருந்து வரும் சத்தத்தில், அமைதியாகப் படிக்க வந்தவர் எழுந்து போய்விடுவார். எந்தக் கருவியும் வாங்காமலேயே சரிசெய்யக்கூடிய விஷயங்கள் இதில் பாதிக்கு மேல்.

இப்படிக் கவனிப்பதை அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம் 2004-இல் முறையான ஆய்வாகவே செய்தது. நான்சி ஃபிரைட் ஃபாஸ்டர் என்ற மானுடவியலாளரைப் பணியில் அமர்த்தினார்கள். மாணவர்கள் கையில் கேமரா கொடுத்துப் படமெடுத்து வரச் சொன்னார்கள். ஒரு நாளில் எங்கெல்லாம் போகிறார்கள் என்று வளாக வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். தங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு நூலகத்தை வரைந்தும் காட்டச் சொன்னார்கள். நமக்கு மானுடவியலாளர் கிடைக்காவிட்டாலும் காகிதமும் பேனாவும் கிடைக்கும். ஒரு வாரம், மணிக்கு ஒரு முறை எந்த நாற்காலி நிரம்பியிருக்கிறது, எது காலி என்று தரைப்படத்தில் புள்ளி வைத்தாலே பாதி விடை வந்துவிடும்.

அப்புறம் இடம். நாற்காலிக்கும் குழு அறைக்கும் இடம் வேண்டுமென்றால் ஏதாவது நகர வேண்டும், பெரும்பாலும் புத்தகம்தான் நகரும். 2013-இல் திறந்த வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹன்ட் நூலகத்தில் புத்தகங்களை எடுத்துத் தருவது ரோபோ. சாதாரண அலமாரிக்குத் தேவைப்படும் இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கில் 20 லட்சம் நூல்கள் வரை அடுக்கலாம். அந்த வசதி எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆன்லைனில் இருக்கும் பழைய ஆய்விதழ்களின் அச்சுத் தொகுப்புகளை, இடைவெளி இல்லாமல் நகர்த்தி ஒட்டிவைக்கும் நெருக்க அலமாரிக்கு மாற்றினாலே ஓர் அறை கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: சந்தா நின்ற பிறகும் பழைய இதழ்களைப் படிக்க உரிமை உண்டா என்று ஒப்பந்தத்தைப் பார்க்காமல் எதையும் கழித்துவிடாதீர்கள்.

இதெல்லாம் ஓரளவு சரியான பிறகு விஆர் பக்கம் வரலாம். உடற்கூறியல், மூலக்கூறு அமைப்பு, கட்டடக்கலை, தொல்லியல் போல முப்பரிமாணத்தில் பார்த்தால்தான் பிடிபடும் பாடங்களுக்கு இது நிஜமாகவே உதவும். பாடத்திட்டத்தில் எந்த வாரம், எந்த வகுப்பு இதைப் பயன்படுத்தும் என்று ஆசிரியர் எழுதித் தர வேண்டும். அது இல்லாவிட்டால் முதல் வாரம் எல்லோரும் ரோலர் கோஸ்டரில் ஏறி இறங்குவார்கள், அதற்கடுத்த வாரம் பெட்டி அலமாரிக்குள் போய்விடும்.

விஆர் அறையை அமைக்கும்போது கட்டடக்காரர்களும் கணினிப் பிரிவும் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை. நல்ல வாசிப்பறைக்குப் பெரிய ஜன்னலும் வெளிச்சமும் வேண்டும். ஹெட்செட்டுக்கோ வெயில்தான் எமன். லென்ஸ் ஜன்னலைப் பார்த்தபடி மேசையில் கிடந்தால், அது பூதக்கண்ணாடி போல வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். சில நிமிட வெயிலே போதும். அந்தக் கறையைத் துடைத்து எடுக்க முடியாது. கண்ணாடிச் சுவரும் நிலைக்கண்ணாடியும் இருக்கும் அறையில், நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் கணிக்க முடியாமல் கருவி தடுமாறும். நின்று நடமாட ஆளுக்குக் குறைந்தது 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றிடம் வேண்டும், பக்கத்தில் ஒரு பணியாளரும் வேண்டும். லென்ஸை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடைக்க வேண்டும், ஸ்பிரிட் படக்கூடாது. முகத்தில் படும் பகுதியை ஒவ்வொருவரும் கழற்றியதும் சுத்தம் செய்தாக வேண்டும். சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும். அவர்களுக்கும், ஹெட்செட் அணிய இயலாதவர்களுக்கும் அதே பாடம் சாதாரணத் திரையிலும் கிடைக்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, இந்தக் கருவிகள், செயலிகளின் ஆயுள். வகுப்பறைக்கு விஆர் சுற்றுலா காட்டிய கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி 2021-இல் மூடப்பட்டது. விண்டோஸ் கணினியில் ஹெட்செட்டுகளை இயக்கிய விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்தது. அதே நிறுவனத்தின் தலையில் அணியும் கருவியான ஹோலோலென்ஸ் 2-இன் தயாரிப்பு 2024-இல் நின்றுபோனது. நூறு வருடப் புத்தகத்தை இன்றைக்கும் புரட்டிப் படிக்கும் நமக்கு இது புதுப் பழக்கம். அதனால் ஆசிரியர்களும் மாணவர்களும் உருவாக்கும் முப்பரிமாண மாதிரிகளை ஒரே நிறுவனத்தின் செயலிக்குள் அடைத்து வைக்காமல், ஜிஎல்டிஎஃப் (முப்பரிமாண மாதிரிகளுக்கான பொதுக் கோப்பு வகை) போன்ற திறந்த வடிவத்தில் நம் நூலகத்தின் டிஜிட்டல் களஞ்சியத்திலும் ஒரு பிரதி சேமிக்க வேண்டும். செயலி வாங்கும்போது, பல நிறுவன ஹெட்செட்டுகளுக்கும் பொதுவான ஓப்பன்எக்ஸ்ஆர் தரத்தில் இயங்குமா என்று கேட்டுவிடுங்கள். கருவி மாறினாலும் வேலை ஓட அதில் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது யாருமே கேட்காத விஷயம். யார் என்ன புத்தகம் எடுத்தார் என்பதை நாம் வெளியே சொல்வதில்லை, தொழில் தர்மம் அது. ஹெட்செட்டோ தலையும் கையும் அசையும் விதத்தைப் பதிவு செய்துகொண்டே இருக்கிறது. பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு விஆர் விளையாட்டை ஆடிய 50,000-க்கும் மேற்பட்டோரின் அசைவுத் தரவை எடுத்துக்கொண்டார்கள். வெறும் 100 விநாடி அசைவை வைத்தே இன்னார்தான் என்று 94 சதவீதத்துக்கு மேல் சரியாக அடையாளம் கண்டார்கள். பெயர் இல்லாத தரவு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை என்று அர்த்தம். மாணவரின் சொந்தக் கணக்கில் உள்நுழையச் சொல்லாமல் நூலகத்தின் பொதுக் கணக்கையே பயன்படுத்துங்கள், ஒவ்வொருவர் முடித்ததும் பதிவுகளை அழித்துவிடுங்கள். அசைவுத் தரவு எந்த சர்வருக்குப் போகிறது, எத்தனை நாள் இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. விற்பனையாளர் டெமோ காட்ட வந்தால் அவருடைய ஷோரூமுக்குப் போகாதீர்கள். உங்கள் அறையிலேயே, வெயில் நேரத்தில், உங்கள் வளாக வைஃபையில் காட்டச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடி போட்ட மாணவர் ஒருவரையும், நாளைக்கு அந்த அறையைப் பார்த்துக்கொள்ளப் போகும் பணியாளரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணியாளர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் டெமோவைத் தள்ளிப்போடுங்கள்.