சாம்பா சர்வரில் அந்தப் பழைய பஃபர் வரி இன்னும் இருக்கிறதா?

ஆபீஸுக்குள் ஃபைல் பறக்கிறது, கிளை ஆபீஸிலிருந்து விபிஎன் வழியாகத் திறந்தால் மட்டும் ஊர்கிறது. இப்படிப் புகார் வந்தால் இன்டர்நெட் லைனைத் திட்டுவதற்கு முன் சாம்பாவின் (லினக்ஸ் சர்வரிலுள்ள ஃபைல்களை விண்டோஸ் கணினிகளோடு பகிரும் மென்பொருள்) அமைப்புகள் இருக்கும் எஸ்எம்பி.கான்ஃப் ஃபைலில் 'சாக்கெட் ஆப்ஷன்ஸ்' வரியைப் பாருங்கள். ரிசீவ் பஃபர், செண்ட் பஃபர் (வாங்கும், அனுப்பும் டேட்டாவைத் தற்காலிகமாக வைக்கும் இடங்கள்) இரண்டுக்கும் 8192 என்றோ 65536 என்றோ எண் போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

கணக்கு எளிது. ஒரு பஃபர் அளவு டேட்டா போய், 'வந்தது' என்ற பதில் திரும்பிய பிறகுதான் அடுத்தது போகும். உள் நெட்வொர்க்கில் போய்வர 0.5 மில்லிசெகண்ட் என்றால், 65536 பைட் பஃபரில் நொடிக்கு 131 எம்பி வரை போகலாம். கிகாபிட் லைனே நிரம்பிவிடும், யாருக்கும் குறை தெரியாது. அதே பஃபர் 30 மில்லிசெகண்ட் தூரத்தில் நொடிக்கு 2.2 எம்பிதான் தரும். 8192 என்றால் சுமார் 270 கேபி. 100 எம்பி ஃபைலுக்கு ஆறு நிமிடம்! லைனை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300 ஆக்கினாலும் அந்த ஆறு நிமிடம் ஆறு நிமிடம்தான்.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் ஒவ்வொரு இணைப்புக்கும் பஃபரைத் தானே கூட்டிக்கொள்ளும். நாம் ஒரு எண்ணைக் கொடுத்த கணமே அந்த வசதி நின்றுவிடுகிறது. சாம்பாவின் கையேடே இதை எச்சரிக்கிறது. ஆனாலும் பழைய டியூனிங் குறிப்புகளிலிருந்து அந்த வரி சர்வருக்குச் சர்வர் காப்பியாகிக்கொண்டே இருக்கிறது.

செய்யவேண்டியது: இரண்டு பஃபர் எண்களையும் நீக்குங்கள். டிசிபி நோடிலே (சிறு டேட்டாவையும் காக்கவைக்காமல் உடனே அனுப்பச் சொல்லும் ஆப்ஷன்) மட்டும் இருக்கலாம், டீஃபால்ட்டும் அதுதான். அமைப்பு ஃபைலைச் சோதிக்கும் டெஸ்ட்பார்ம் கட்டளையை ஓட்டிச் சரிபாருங்கள். ஏற்கெனவே இணைந்திருப்பவர்களுக்குப் பழைய பஃபரே ஓடும், அதனால் அவர்களைத் துண்டித்து மறுபடி இணையச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டு "மாற்றியும் பலனில்லை" என்று பழைய வரியைத் திரும்பப் போடுவது வழக்கமான தவறு.

உண்மையிலேயே தூரம் அதிகமென்றால் கூட்டவேண்டியது கெர்னலின் உச்சவரம்பை. சர்வர் அனுப்பும் பக்கம் என்பதால் டிசிபி டபிள்யூமெம் அமைப்பின் (அனுப்பும் பஃபரின் குறைந்த, தொடக்க, உச்ச அளவுகள்) மூன்றாவது எண். பெரும்பாலும் 4194304 பைட் என்று இருக்கும். 1 ஜிபிபிஎஸ், 40 மில்லிசெகண்ட் என்றால் வழியில் மட்டும் 5 எம்பி நிற்கும், ஆகவே 16777216 வைக்கலாம். வாங்கும் கணினியும் ஈடுகொடுக்கவேண்டும்: விண்டோஸில் ரிசீவ் விண்டோ ஆட்டோ ட்யூனிங் (வாங்கும் அளவைத் தானே கூட்டிக்கொள்ளும் வசதி) 'நார்மல்' என்று இருக்கிறதா பாருங்கள். யாரோ எப்போதோ அணைத்து வைத்திருப்பார்கள்.

என்எஃப்எஸ் (லினக்ஸ் கணினிகள் நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) மவுன்ட்டிலும் இதே கதைதான். மவுன்ட்களைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ஆர்சைஸ், டபிள்யூசைஸ் (ஒரே தடவையில் படிக்கும், எழுதும் அளவுகள்) 8192 என்று கிடந்தால் எடுத்துவிட்டு மறுபடி மவுன்ட் செய்யுங்கள். இன்றைய லினக்ஸ்கள் தமக்குள் பேசி 1048576 வரை போகும். என்ன அளவு முடிவானது என்பதை என்எஃப்எஸ்ஸ்டாட் கட்டளை காட்டும்.