ஃபேன்டஸி: மிகுபுனைவா, மாயப்புனைவா?

ஃபேன்டஸிக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டால் குறைந்தது நாலு பதில் வரும். மிகுபுனைவு, மாயப்புனைவு, கனவுருப்புனைவு, அதிபுனைவு. வம்பே வேண்டாம் என்று ஃபேன்டஸி என்றே எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குள்ளும் ஃபேன்டஸியா, ஃபேண்டசியா, பேன்டஸியா என்று எழுத்துத் தகராறு. நாலில் எதை எடுப்பது என்று பார்க்க, முதலில் மூலச்சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிரேக்கத்தில் ‘ஃபைனைன்’ என்றால் காட்டுதல், புலப்படச் செய்தல். அதன் வழியில் பிறந்தது ‘ஃபான்டாசியா’. கண்முன் இல்லாத ஒன்று மனத்துக்குத் தோன்றுவதை அது குறித்தது. ஆன்மாவைப் பற்றிய தன் நூலில் அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லை ‘ஃபாவோஸ்’ என்ற ஒளியோடு இணைக்கிறார். ஒளி இல்லாமல் எதையும் பார்க்க முடியாதே, அதனால்தான் இந்தப் பெயர் என்கிறார். இலத்தீனுக்கும் பழைய பிரெஞ்சுக்கும் போய் அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. ஃபேன்சி என்பது இதே சொல்லின் சுருக்கம்தான். நாம் ‘ஃபேன்சி நம்பர்’ என்று சொல்லும்போது அரிஸ்டாட்டில் எங்கோ தூரத்தில் நிற்கிறார்.

அந்தச் சுருக்கத்துக்கு ஒரு கெட்ட காலமும் வந்தது. 1817-இல் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் கற்பனையை இரண்டாகப் பிரித்தார். படைக்கிற கற்பனைக்கு உயர்ந்த இடம் கொடுத்தார். நினைவில் கிடப்பதை எடுத்து இடம் மாற்றி அடுக்குகிற வேலையை ஃபேன்சியின் தலையில் கட்டினார். மூத்த வடிவமான ஃபேன்டஸிக்கு மறுபடி மரியாதை தேடித் தந்தவர் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன். 1939 மார்ச்சில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரையில், தனக்கென விதிகளும் உள்ளிசைவும் கொண்ட இரண்டாம் உலகம் ஒன்றைப் படைக்கும் கலைக்கு இந்தப் பெயரை வைத்தார். இன்று இலக்கிய வகையின் பெயராக ஃபேன்டஸி என்று சொல்லும்போது நம் காதில் விழுவது பெரும்பாலும் இந்தப் பொருள்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். கிரேக்கர் சொன்ன அந்தத் ‘தோன்றுதல்’ நமக்குப் புதிதல்ல. அகப்பொருள் நூல்களில் உருவெளிப்பாடு என்று ஒரு துறை உண்டு. பிரிந்திருக்கும் தலைவிக்கோ தலைவனுக்கோ, பார்க்கும் இடமெல்லாம் மற்றவர் உருவம் வெளியில் நிற்பதாகத் தோன்றும். கம்பன் இதை வைத்து ஒரு விளையாட்டே ஆடியிருக்கிறான். சீதையைக் கண்ணால் பார்க்காமலே அவள்மேல் மையல் கொண்ட இராவணனுக்கு எதிரே ஒரு பெண்ணுரு தெரிகிறது. சூர்ப்பணகையைக் கூப்பிட்டு, நீ சொன்னவள் இவள்தானா என்று கேட்கிறான். அவளோ இராமனையே நினைத்துக் கிடக்கிறவள். இவன் அந்த வல்வில் இராமன் அல்லவா என்கிறாள். நான் பார்ப்பது பெண், நீ ஆண் என்கிறாயே என்று அவன் குழம்ப, உன் ஆசை அவள்மேல் இருப்பதால் பார்க்கும் இடமெல்லாம் அவளே தோன்றுகிறாள், இது பழைய வழக்கம்தான் என்று அவனுக்கே விளக்கமும் சொல்கிறாள். ஃபான்டாசியாவுக்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த நாலு சொற்கள். மாயப்புனைவு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்க்காதில் மாயம் என்றால் மறைவது. ‘மாயமாய் மறைந்தான்’ என்போம். பழைய நூல்களில் அதற்குப் பொய், வஞ்சனை என்ற பொருளும் உண்டு. மூலச்சொல் தோன்றுவதைச் சொல்ல, இது காணாமல் போவதைச் சொல்கிறது. அப்புறம், அன்றாட வாழ்க்கைக்குள் மாயத்தைக் கலக்கும் மாய யதார்த்தம் என்ற இன்னொரு வகை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் மதிப்புரைகளில் இரண்டும் கலந்துவிடுகின்றன.

கனவுருப்புனைவில் இன்னொரு சிக்கல். எல்லாம் கனவில் நடந்தது என்று முடியும் கதைகளை டோல்கீன் தன் வரையறைக்கு வெளியே தள்ளினார். ‘விழித்துப் பார்த்தால் எல்லாம் கனவு’ என்று ஆசிரியர் கைகழுவினால் அந்த உலகத்தின் உண்மை அங்கேயே உடைந்துவிடும் என்பது அவர் வாதம். அவர் விலக்கிய சொல்லையே பெயராக வைப்பது எனக்கு ஒட்டவில்லை. அதிபுனைவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புனைவைப் பற்றிய புனைவுக்கும் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள், குழப்பம்தான் மிச்சம்.

மிச்சம் இருப்பது மிகுபுனைவு. இதன் குறை அந்த ‘மிகு’. சாதாரணக் கதையில் கற்பனை ஒரு படி, இதில் மூன்று படி என்று அளந்து போட்டது போன்ற தொனி. என்றாலும் நான் இதைத்தான் எழுதுகிறேன், காரணம் பின்பாதி. புனைதல் என்றால் கட்டுதல், தொடுத்தல், அழகுசெய்தல், வண்ணம் தீட்டுதல். நெடுநல்வாடை, ஒப்பனையில்லாமல் இருக்கும் அரசியை ‘புனையா ஓவியம்’ போல் இருந்தாள் என்கிறது. வண்ணம் ஏற்றாத வெறும் கோட்டோவியம். மாலை புனைகிறவர் பூவை உண்டாக்குவதில்லை. பூ ஏற்கெனவே இருக்கிறது. மிகுபுனைவுக்கும் அப்படி முன்பே பூத்துக் கிடக்கிற பூக்கள் உண்டு, நாட்டார் கதைகளில்.

ஒரே ஒரு பூவை எடுத்துப் பார்க்கலாம். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு கிளி, கிளிக்குள் மந்திரவாதியின் உயிர். இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் குறைவு. ரஷ்யக் கதையில் சாவில்லாத கோஷ்செயின் உயிர் ஒரு தீவில் இருக்கிறது. தீவில் ஒரு மரம், மரத்தடியில் பெட்டி, பெட்டிக்குள் முயல், முயலுக்குள் வாத்து, வாத்துக்குள் முட்டை. பழைய எகிப்தின் இரு சகோதரர் கதையில் ஒருவன் தன் இதயத்தை மரத்தின் பூவில் வைத்துவிட்டுத் திரிகிறான். உலகக் கதைகளை எண்ணிட்டு அடுக்கும் ஆர்னே–தாம்சன்–உத்தர் அடைவில் இவ்வகைக்கு 302 என்று எண். டோல்கீன் தன் உரையிலேயே இந்தக் கதைக்கூறைத் தொட்டுப் பேசுகிறார். அவருடைய நாவலில் இருள் தலைவன் தன் ஆற்றலில் பெரும்பகுதியை ஒரு மோதிரத்தில் ஊற்றி வைத்திருக்கிறான், மோதிரம் அழிந்தால் அவனும் அழிவான். கூண்டும் கிளியும் போய் மோதிரம் வந்திருக்கிறது.

அப்படியானால் நாட்டார் கதையும் மிகுபுனைவும் ஒன்றா என்றால் இல்லை. விமர்சனத்தில் அடிக்கடி சறுக்கும் இடம் இது. கிளிக்குள் உயிர் எப்படிப் போனது என்று கதைசொல்லும் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். “சொல்றதைக் கேளு” என்பார். நாட்டார் கதையில் நரி பேசினால் நாயகன் ஆச்சரியப்படுவதில்லை, பதில்தான் சொல்கிறான். சுவிஸ் அறிஞர் மாக்ஸ் லூத்தி 1947-இல் இதை ஒற்றைப் பரிமாணம் என்றார்: இந்த உலகமும் அந்த உலகமும் ஒரே தளத்தில் கிடக்கின்றன. மிகுபுனைவு எழுதுகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. மோதிரம் ஏன் செய்யப்பட்டது, அணிந்தால் என்ன ஆகும், எங்கே போட்டால் உருகும் என்று அவர் எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். நாட்டாரியல் அறிஞர் விளாதிமிர் ப்ராப் 1928-இல் நூறு ரஷ்ய மாயக்கதைகளைப் பிரித்து, கதைமாந்தர் செய்வதை 31 செயல்களாக அடுக்கினார். அந்த அட்டவணையைக் கொண்டுவந்து ஒரு நாவலின்மேல் ஒட்டி ‘இதோ, அப்படியே பொருந்துகிறது’ என்பதோடு நின்றுவிடும் கட்டுரைகள் என் பொறுமையைச் சோதிப்பவை. பொருந்தாத இடத்தில்தான் எழுத்தாளர் வேலை செய்திருப்பார்.

மிகுபுனைவு தொன்மத்தோடு சேரும்போது இன்னொரு எச்சரிக்கை. கிரேக்கத்தில் ‘மித்தோஸ்’ என்றால் பேச்சு, கதை. அதன் வழிவந்த மித் என்பதற்குத் தமிழில் தொன்மம் நிலைத்துவிட்டது. தொல்காப்பியம் தொன்மை என்ற வனப்பை, அதாவது நூல்வகையை, ‘உரையொடு புணர்ந்த பழமை’ என்று சொல்வதோடும் இது பாந்தமாகப் பொருந்துகிறது. ஆனால் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ தொன்மத்தைத் திருப்பி எழுதிய கதை, அகலிகை நமக்கு முன்பே தெரிந்தவள். தொன்ம மிகுபுனைவு என்று சொல்ல வேண்டியது வேறு. அங்கே கடவுளரும் ஊழிக்கதைகளும்கூட அந்த ஆசிரியரே உண்டாக்கியவை, ஆனால் வழிவழியாக வந்தவை போல் நடமாடும். அமெரிக்க மானுடவியலாளர் வில்லியம் பாஸ்கம் 1965-இல் தொன்மத்தையும் ஐதிகத்தையும் (ஆங்கிலத்தில் லெஜண்ட்) நாட்டார் கதையையும் கேட்பவரின் நம்பிக்கையை வைத்துப் பிரித்தார். முதல் இரண்டும் நடந்ததாக நம்பப்படுபவை, மூன்றாவது கதையென்றே தெரிந்து சொல்லப்படுவது. தொன்ம மிகுபுனைவை வாசிப்பவர் இந்தப் பிரிவில் எங்கும் சரியாக உட்கார மாட்டார். புத்தகத்துக்கு வெளியே யாரும் நம்பாத தொன்மம் அது. உள்ளே இருக்கிறவர்கள் மட்டும் அதன்மேல் சத்தியம் செய்வார்கள்.

தொல்காப்பியரிடம் இன்னும் கொஞ்சம் கேட்கலாம். உரைநடையை நான்காகப் பிரிக்கும் நூற்பாவில் ‘பொருள் மரபு இல்லாப் பொய்ம்மொழி’ என்று ஒன்று வருகிறது. பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் அதற்குத் தரும் எடுத்துக்காட்டு, யானையும் குருவியும் நட்பாகி இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று ஒருவரிடம் ஒருவர் கேட்டுச் சொல்லிவரும் கதை. உலகத்தில் இல்லாததைச் சொல்லும் கதைக்கு இலக்கணத்தில் ஒரு தனி நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஆனால் பொய்ம்மொழி என்ற பெயரை இன்று ஒரு நாவலின் அட்டையில் போட முடியாது, யாரும் வாங்க மாட்டார்கள்.

கடைசியாக, ‘ஃபேன்டாஸ்டிக்’. பேச்சில் அது ‘பிரமாதம்’, அவ்வளவுதான். விமர்சனத்தில் அதற்குத் தனிப்பொருள் உண்டு. 1970-இல் இலக்கியக் கோட்பாட்டாளர் தோதொரோவ், நடந்தது இயற்கையா இயற்கைக்கு மீறியதா என்று முடிவுக்கு வர முடியாமல் வாசகர் தடுமாறும் அந்த நேரத்துக்கு மட்டும் இப்பெயரை வைத்தார். இதற்கும் மிகுபுனைவு என்று எழுதுகிறார்கள், அது தவறு. நான் மருட்கை என்று எழுதுவேன். ‘புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே’ என்பது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். இதுவரை காணாதது, அளவுக்கு மீறிப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது ஆகிய நான்கும் வியப்பைத் தரும். ‘மதிமை சாலா’ என்பதற்கு அறிவு எட்டாத, அறிவு போதாத என்று பொருள். தோதொரோவ் சொன்ன தடுமாற்றம் அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது.