நம்பர் இருந்தால் போதுமா? ஜர்னலுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

காரைக்குடியில் கல்லூரி நூலகராக இருக்கிறேன். பணத்தை வாங்கிக்கொண்டு கட்டுரையைப் படிக்காமலே வெளியிடும் போலி ஆய்வு ஜர்னல்களில் பலர் மாட்டுகிறார்கள். அதனால் ஆய்வு மாணவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டிவிட்டு ரசீதோடு வராதீர்கள். கட்டும் முன் வாருங்கள். ஜர்னல் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினால்கூடப் போதும். பார்த்துச் சொல்ல அரை மணி நேரம் ஆகாது.

இதை எழுத வைத்தவர் பொருளாதாரத்தில் பிஎச்.டி. செய்யும் ஒரு தம்பி. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்தப் போன ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பத்தின் கணக்கேடுகள்தான் அவருடைய ஆய்வு. இரண்டாங்கட்டில் மரப்பெட்டிக்குள் கிடந்த பேரேடுகளையும் ஐந்தொகைகளையும் (வரவு செலவு இருப்புக் கணக்குகள்) அந்த வீட்டு ஆச்சி அவரை நம்பி எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஓரம் செல்லரித்த பக்கங்கள், எல்லாம் தமிழ் எண்கள். நடப்பு வட்டி எவ்வளவு, தவணை வட்டி எவ்வளவு, 1930-க்குப் பிறகு நெல் விலை சரிந்தபோது திரும்பி வராத கடன் எப்படி நிலமாகக் கைக்கு வந்தது என்று வரிவரியாகப் பெயர்த்து அட்டவணை போட்டிருக்கிறார். 1930-களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் வசம் இருந்ததைப் பலரும் எழுதிவிட்டார்கள். ஒரு கடையின் ஏட்டுக்குள் அது எப்படி நடந்தது என்று காட்டுவது அபூர்வம். இந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து எத்தனையோ ஏடுகள் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விட்டன. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தேடித்தேடிச் சேர்த்து வைத்ததைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால்தான், 1994-இல் சென்னையில் அது ஓர் ஆய்வு நூலகமாக நின்றது. எல்லா வீட்டுக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.

அந்தத் தம்பி தன் கட்டுரையைக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், பன்னாட்டு உறவு என்று அத்தனையும் சேர்த்துப் பெயர் வைத்த ஓர் இணைய ஜர்னல். இவர் கட்டுரைக்கு முன்னால் செவிலியர்களின் மன அழுத்தம், பின்னால் தென்சீனக் கடல் தகராறு. பல துறைகளையும் வெளியிடும் நல்ல இதழ்கள் உண்டு. அங்கே ஒவ்வொரு துறைக்கும் தனி ஆசிரியர்களும் மதிப்பீட்டாளர்களும் இருப்பார்கள். இந்த ஜர்னலின் ஆசிரியர் குழுவில் பொருளாதார வரலாறு தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

அக்செப்டன்ஸ் லெட்டரைக் காட்டினார். கட்டுரை அனுப்பிய மறுநாளே வந்திருக்கிறது. மதிப்பீட்டாளர் கருத்து என்ற கட்டத்தில் ‘நல்ல முயற்சி, ஏற்கலாம்’ என்று ஒரே வரி. கீழே நீல நிறத்தில் வட்ட முத்திரை, அதற்கும் கீழே பணம் கட்டக் கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் பதிப்பகத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வருகிறது. பணம் போன அன்று மாலையே கட்டுரை ஏறிவிட்டது. வட்டி விகித அட்டவணையின் வலது பாதி பக்கத்துக்கு வெளியே வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. அச்சுப்படியை ஒரு மனிதர் கண்ணால் பார்த்திருந்தால்கூட இது நடந்திருக்காது.

“ஐஎஸ்எஸ்என் நம்பர் இருக்குல்ல மேடம்?” என்று கேட்டார்.

ஒவ்வொருவரும் இதையேதான் கேட்கிறார்கள். நெறியாளர்களும் கேட்கிறார்கள். அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்எஸ்என் என்பது தொடர்ந்து வெளிவரும் எந்த இதழுக்கும் கொடுக்கப்படும் எட்டு இலக்க அடையாள எண். நூலகங்களில் ஒரே பெயருள்ள இரண்டு இதழ்கள் குழம்பிவிடாமல் இருக்க வந்த ஏற்பாடு. தலைமை மையம் பாரிஸில், நம் நாட்டுக்கான மையம் தில்லியில். சமையல் பத்திரிகைக்கும் கிடைக்கும், சோதிட மாத இதழுக்கும் கிடைக்கும், சாதிச் சங்கத்தின் செய்தி மடலுக்கும் கிடைக்கும். உள்ளே அச்சாகும் கட்டுரை சரியா தப்பா என்று அவர்கள் பார்ப்பதில்லை, பார்ப்பது அவர்கள் வேலையும் இல்லை. எட்டாவது இலக்கத்தைச் சரிபார்ப்பு இலக்கம் என்பார்கள், சில இதழ்களுக்கு அது எக்ஸ் என்ற எழுத்தாக இருக்கும். முதல் ஏழு எண்களைத் தப்பாக எழுதிவிட்டோமா என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அது. தரத்தைச் சரிபார்த்துப் போட்ட முத்திரை என்று ஒருவர் என்னிடம் வாதாடினார்! வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் இருக்கிறது என்று ஆகிவிடுமா? இன்னொன்றும் கேளுங்கள். நல்ல இதழின் எண்ணையே திருடித் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது எண் அசல், ஜர்னல் போலி.

இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கொடுக்கும் அடையாள எண்ணான டிஓஐ கதையும் அதேதான். இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஓர் இதழின் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற கணக்கு, என்றால் கிளாரிவேட் நிறுவனம் வெளியிடும் பட்டியலில் இருப்பது மட்டும். மற்றபடி முகப்பில் பெரிதாக ஏழு, எட்டு என்று போட்டிருப்பதெல்லாம் அவர்களே எழுதிக்கொண்டது.

இது நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் மாட்டும் வலை இல்லை. ஜான் போஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் பார்த்தவுடன் தப்பு தெரியும்படி ஒரு போலி மருந்துக் கட்டுரையைத் தயாரித்து 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் இந்தச் சோதனையின் முடிவு வெளிவந்தது. அவர் கட்டுரை அனுப்பிய இதழ்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து நடப்பவை. காசுக்கு எதையும் ஏற்கும் இத்தகைய இதழ்களில் வந்த கட்டுரைகள் 2010-இல் 53,000 என்றும் 2014-இல் 4.2 லட்சம் என்றும் பின்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்தே 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்க வேண்டி வந்தது. பிறகு 2019-இல் தரமான இதழ்களுக்கென்று கேர் பட்டியல் வந்தது, அதையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். ஆகவே இப்போதும் ‘யுஜிசி கேர் அங்கீகாரம் பெற்றது’ என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வந்தால், அந்த ஒரு வரியே போதும். பேசாமல் பிளாக் செய்யுங்கள்.

‘பேப்பர் போட்டால்தான் தீசிஸ் வாங்குவார்கள்’ என்ற பயம்தான் இவர்களுக்கு வியாபாரம். 2016 விதிகளில் யுஜிசி ஒரு கட்டுரையைக் கட்டாயமாக்கியிருந்தது உண்மை. 2022 நவம்பரில் வந்த விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கலாம். அதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கேன்டீனில் சீனியர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கிறீர்களா? மருத்துவம், பொதுச் சுகாதாரம் படிக்கிறவர்கள் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கொரோனா காலத்தில் ஐவர்மெக்டின் மாத்திரை உயிர் காக்கிறது என்ற ஒரு எகிப்திய ஆய்வு, யாரும் மதிப்பிடும் முன்பே இணையத்தில் ஏறி, பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்க்கும் மெட்டா அனாலிசிஸ்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. தரவு சரியில்லை என்று லண்டனில் ஒரு மருத்துவ மாணவர் கண்டுபிடித்த பிறகு 2021 ஜூலையில் அதை விலக்கினார்கள். அதற்குள் எத்தனை வீடுகளில் அந்த மாத்திரையை வாங்கி வைத்திருந்தார்கள்! கர்ப்பிணிகளின் இரத்தசோகை பற்றி நீங்கள் போடும் கட்டுரையையும் யாரோ ஒருவர் எடுத்துக் கூட்டுவார். படிக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஜர்னலில் உங்கள் கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்ட ஆள் கிடையாது.

சரி, என்ன செய்வது? அழைப்பு மெயிலில் வந்த லிங்கைத் தொடாதீர்கள். ஆய்வு இதழ்களைத் தொகுத்து வைக்கும் ஸ்கோபஸ் தளத்தின் பட்டியலுக்கோ, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களுக்கான டிஓஏஜே தளத்துக்கோ நீங்களே போய்த் தேடுங்கள். டிஓஏஜேயில் இருந்தால் அங்கிருந்தே ஜர்னலின் பக்கத்துக்குப் போங்கள். பல போலிப் பக்கங்கள் அங்கேயே தெரிந்துவிடும். ஸ்கோபஸில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்த ஆண்டு வரை என்று பாருங்கள். நீக்கப்பட்ட இதழ்களும் ‘ஸ்கோபஸ் ஜர்னல்’ என்றே சொல்லிக்கொண்டு திரிகின்றன. ரிட்ராக்‌ஷன் வாட்ச் தளத்தில் கடத்தப்பட்ட இதழ்களின், அதாவது போலிகள் பெயரையும் எண்ணையும் திருடிக்கொண்ட இதழ்களின் பட்டியல் இருக்கிறது, ஒருமுறை தேடுங்கள். ஆசிரியர் குழுவில் ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாத பேராசிரியர்கள் உண்டு. அந்த ஜர்னலில் வந்த இரண்டு கட்டுரைகளையாவது உட்கார்ந்து படியுங்கள். இதைச் செய்தாலே பாதிப் பேர் தப்பித்துவிடுவீர்கள்.

கட்டணம் வாங்கினாலே மோசடி என்றும் நினைக்க வேண்டாம். நல்ல இதழ்களிலும் கட்டணம் உண்டு, அதை வெளிப்படையாகப் போட்டிருப்பார்கள். ஆனால் நம் சமூக அறிவியல் மாணவர்களுக்குப் பைசா செலவில்லாமலே வழி இருக்கிறது. ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ கட்டுரைக்குக் காசு கேட்பதில்லை. அந்தத் தம்பியின் ஏடுகளுக்கு ‘இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ’தான் முதலில் முயன்று பார்க்க வேண்டிய இடம். மாதக்கணக்கில் காக்க வைப்பார்கள், திருப்பியும் அனுப்புவார்கள். திருப்பி அனுப்பும்போது வரும் குறிப்புகளுக்காகவே அனுப்பலாம்.

நெறியாளர்களே, உங்களிடமும் கேட்கிறேன். மாணவர் கட்டுரையில் உங்கள் பெயர் இருக்கிறது. ‘எங்கயாவது போட்டுட்டு வாப்பா’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் பதற வேண்டாம். கட்டுரை இன்னும் வெளிவரவில்லை என்றால், திரும்பப் பெறுகிறேன் என்று மெயிலில் எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறவும் கட்டணம் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். வெளிவந்துவிட்டால், அதே கட்டுரையை அப்படியே வேறு இதழுக்கு அனுப்பக் கூடாது, அது இன்னொரு குற்றமாகிவிடும். கையில் இருக்கும் தரவிலிருந்து புதுக் கேள்வியை எடுத்துப் புதிதாக எழுதுங்கள், பழையது வந்த இடத்தை மறைக்காமல் ஆசிரியருக்குச் சொல்லிவிடுங்கள். அந்தத் தம்பியிடம் 1942-க்கு முந்தைய ஏடுகளில் பாதி இன்னும் பெயர்க்கப்படாமல் இருக்கிறது. அதில் வேலை தொடங்கிவிட்டோம்.

நூலகத்துக்கு வரும்போது அழைப்பு மெயிலையும் வாட்ஸ்ஆப் செய்தியையும் அழித்துவிடாமல் கொண்டு வாருங்கள். பணம் போன கணக்கின் பெயரையும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஒரே ஆள் பல ஜர்னல் பெயர்களில் வாங்குகிறார், அடுத்து வருகிறவரிடம் அந்தப் பெயரைக் காட்ட வேண்டியிருக்கிறது.