சென்னையை விட்டு வருகிறீர்களா? முன்பணம் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

சென்ற வாரம் என் அலுவலகத்துக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் வாடகை வீட்டில் இருந்தவர்கள். அங்கே சொந்த வீடு கைக்கு எட்டாது என்று தெரிந்ததும், விலை குறைந்த ஊராகத் தேடித் திருச்சிக்கு வந்திருக்கிறார்கள். வருங்கால வைப்பு நிதியில் எடுத்த பணம், அந்த அம்மாளின் நகை, எல்லாவற்றையும் சேர்த்து 9 லட்சம் ரூபாய்க்கு ஊருக்கு வெளியே அரை கிரவுண்டு மனை வாங்கினார்கள். பத்திரம் பதிவாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அவர்கள் கையில் இருந்தது நீதிமன்றச் சம்மன். பாகப்பிரிவினை வழக்கு. அவர் அதில் 47ஆம் பிரதிவாதி.

"பதிவு செய்து கொடுத்துவிட்டார்களே சார், அப்புறம் எப்படி வழக்கு வரும்?" என்று அந்த அம்மாள் கேட்டார். அவர்கள் மனைப்பிரிவில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் இதே கேள்வியோடு இதே சம்மனை வைத்துக்கொண்டு நிற்கின்றன. சொத்து ஆவணங்களைப் பார்த்துக் கருத்து சொல்வதுதான் எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொழில். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. சென்னையை விட்டு வருவது தவறே இல்லை. திருச்சி, மதுரை, தஞ்சாவூர், கும்பகோணம், சேலம், திருநெல்வேலி எல்லாமே குடும்பம் நடத்த ஏற்ற ஊர்கள்தான். ஆனால் வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: சதுர அடி என்ன விலை? விளம்பரத்தில் திருச்சி என்று போட்டிருக்கும். நிலம் எங்கேயோ இருக்கும். திருச்சி மனை என்று சொல்லி என்னிடம் கொண்டுவந்த ஆவணங்களில், பக்கத்து மாவட்டத்து சார்பதிவாளர் அலுவலக முத்திரையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே தரகரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. எந்தக் கிராமம், எந்த வட்டம், எந்த சார்பதிவாளர் அலுவலகம் என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் நீங்கள் எந்த ஊரில் வாங்குகிறீர்கள் என்பதைச் சொல்லும்.

வரப்போகிற பேருந்து நிலையத்தையும் வரப்போகிற சுற்றுச்சாலையையும் நம்பி விலை கொடுக்காதீர்கள். மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டுமானம் தொடங்கியது 2024இல். வட்டி கட்டுகிறவருக்கு ஐந்து ஆண்டு என்பது சின்னக் காலமா? இன்று அங்கே என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் விலை கொடுங்கள். முடிந்தால் அந்த ஊரில் ஆறு மாதம் வாடகைக்குக் குடியிருந்து பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து கிடைக்கிறதா, குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, நெஞ்சுவலி என்றால் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதெல்லாம் குடியிருந்தால்தான் தெரியும். மனையைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

இப்போது அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். பதிவு என்பது இன்னார் இன்னாருக்கு இப்படி எழுதிக் கொடுத்தார் என்று அரசு தன் புத்தகத்தில் ஏற்றிக்கொள்வது. அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொத்து சொந்தமா என்பதற்கு அரசு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. சார்பதிவாளர் உங்கள் அடையாள அட்டையைப் பார்ப்பார், முத்திரைத் தீர்வை சரியா என்று பார்ப்பார், சட்டம் தடுத்திருக்கிற சொத்தா என்று பார்ப்பார். விற்பவரின் உரிமை சரியானதுதானா என்று விசாரித்துத் தீர்ப்பு சொல்ல அவர் நீதிபதி அல்ல. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விற்பவரின் மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ(i) செல்லாது என்று சொன்னபோது கொடுத்த காரணமும் இதுதான்: விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் பதிவுச் சட்டத்தில் பதிவு அலுவலருக்குக் கொடுக்கப்படவில்லை. தன்னிடம் இல்லாததை ஒருவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்தால், பதிவான பத்திரம் உங்கள் பெட்டியில் இருக்கும்; நிலம் உங்களுடையதாக இருக்காது.

பட்டாவும் அப்படித்தான். பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். அது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுக்குச் சுத்தமாக இருக்கிறது என்று காட்டுகிறார்கள். அதில் பதிவான நடவடிக்கைகள் மட்டுமே வரும். பதிவு செய்யாத உயில் வராது. பங்கு கேட்காமல் ஒதுங்கியிருக்கும் மகள் வரவே மாட்டாள். வங்கி கடன் கொடுத்ததே என்பார்கள். வங்கி தன் கடனுக்காகப் பார்க்கிறது. நாளை வழக்கு வந்தாலும் தவணையை உங்களிடம்தான் கேட்கும்.

அந்தத் தம்பதியின் ஆவணங்களைப் பிரித்துப் பார்த்தேன். நிலம் ஒரு விவசாயிக்குச் சொந்தமாக இருந்தது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். பட்டா மகன்கள் பெயருக்கு மாறியிருக்கிறது. மகன்களும் தாயும் ஒருவருக்குப் பவர், அதாவது தங்கள் சார்பில் விற்கும் அதிகாரம், எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் மனை பிரித்து விற்றிருக்கிறார். மகள்களின் கையெழுத்து எங்கேயும் இல்லை. அந்தப் பங்கைக் கேட்டுத்தான் இந்த வழக்கு. "பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணத்திலேயே சீர் செய்தாகிவிட்டது" என்று விற்றவர்கள் சொல்கிறார்களாம். சீருக்கும் பங்குக்கும் சம்பந்தமே இல்லை. தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989இல் அப்போது மணமாகாத மகளுக்கும், மத்திய அரசு 2005இல் எல்லா மகள்களுக்கும் உரிமை கொடுத்தன. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் மகள்களை விட்டுவிட்டு எழுதிய பத்திரங்கள் மாதந்தோறும் என் மேசைக்கு வருகின்றன.

பஞ்சாயத்து அப்ரூவல், அதாவது ஊராட்சி கொடுத்த அங்கீகாரம், என்ற சொல்லைக் கேட்டால் எழுந்து போய்விடுங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வேலை. சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) வேலை. 2016இல் உயர் நீதிமன்றம் தலையிட்டு அங்கீகாரமற்ற மனைகளின் பதிவை நிறுத்தியது. அத்தகைய பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே மனையாகப் பதிவானவற்றை மறுபடி பதிவு செய்ய வழி இருப்பதால், இன்றும் பழைய அங்கீகாரமற்ற மனைகள் கைமாறுகின்றன. பதிவு நடக்கும். பின்னால் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும்போது அந்த மனையை முறைப்படுத்திய வரன்முறை உத்தரவு எங்கே என்பார்கள்.

என்னிடம் வருகிற பலர், "ஐம்பதாயிரம் டோக்கன் கொடுத்துவிட்டேன் சார், சும்மா ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள். கொடுத்த பிறகு ஏன் வருகிறீர்கள்? வேண்டாம் என்று நான் சொன்னால் அந்தப் பணம் திரும்பி வருமா? ஆவண நகல் தர மறுக்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருகிறது" என்று அவசரப்படுத்தினால், அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.

தாய்ப்பத்திரம் எனப்படும் பழைய மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை, சொத்து கைமாறிய சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் பார்க்கச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றை விற்பவர் தருவதை வாங்காமல் நீங்களே பதிவுத் துறை இணையதளத்தில் எடுங்கள். வருவாய்த் துறையின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் ஏரி, வாய்க்கால், கோயில் நிலம் என்று எதிலாவது வருகிறதா பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. புலப்படத்தை (நில அளவை வரைபடம்) வைத்து சர்வேயரைக் கொண்டு அளந்து கல் போடுங்கள். பவர் ஏஜென்ட் விற்றால், பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். அவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் பொதுவாகச் செல்லாது. புதிய மனைப்பிரிவின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (மனை விற்பனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவெண் கேளுங்கள். அத்தகைய திட்டத்தில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதையும் கணக்கில் வையுங்கள். 9 லட்சத்துக்கு அதுவே 81,000 ரூபாய். 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது.

இன்னும் ஒன்று, இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். விற்பவரின் தந்தை இறந்துவிட்டார் என்றால் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் கேளுங்கள். அதோடு நிற்காதீர்கள். அந்தக் கிராமத்துக்குப் போய், டீக்கடையில் உட்கார்ந்து, அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பிறகு விற்பவரிடம், "உங்கள் அக்காவையும் தங்கையையும் பார்த்துப் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். அவர்கள் வந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்ட பவர் வரட்டும். அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அவர் சொன்னால், பணத்தைப் பையிலிருந்து எடுக்காமல் அடுத்த பேருந்தைப் பிடித்து வந்துவிடுங்கள்.