பிபி எந்த வயதில் தொடங்கியது?

"அப்பாவுக்கு பிபி உண்டா?" என்று எல்லா டாக்டர்களும் கேட்பார்கள். "எந்த வயதில் வந்தது?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 1948-இல் தொடங்கி, தலைமுறைகளைத் தாண்டித் தொடரும் இதய ஆய்வில் இது தெரியவந்தது. பெற்றோருக்கு 55 வயதுக்கு முன்பே உயர் இரத்த அழுத்தம் வந்திருந்தால், பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. அதற்குப் பிறகு வந்திருந்தால் அப்படிக் கூடவில்லை. சீக்கிரம் பிபி வந்தவர்கள் இதயநோயால் இறப்பதும் அதிகம்.

சீக்கிரம் வந்தால் ஆபத்து கூடுவதற்கு ஒரு காரணம், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக்குழாயான பெருந்தமனியின் சுவரில் இருக்கிறது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் பெருந்தமனி விரிந்து அந்த வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது, பிறகு சுருங்கி இரத்தத்தை முன்னே தள்ளுகிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை! இந்த மீள்தன்மையைத் தருவது எலாஸ்டின் என்ற புரதம். உடல் அதைப் பெரும்பாலும் சிறுவயதிலேயே உருவாக்கி முடித்துவிடுகிறது. பின்னால் இழை அறுந்தால் அந்த இடத்துக்கு கொலாஜன் என்ற விறைப்பான புரதம்தான் வருகிறது. அழுத்தம் கூடினால் இழைகள் சீக்கிரம் அறுகின்றன. சுவர் விறைத்தால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. 30 வயதில் தொடங்கும் இந்தச் சுழலுக்கு, 65-இல் தொடங்குவதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. அதற்குள் இதயத்தின் இடது கீழறை தடித்துவிடலாம், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெட்டுவிடலாம், மூளையும் பாதிக்கப்படலாம். இவ்வளவு நடந்தும் பெரும்பாலும் ஒரு தலைவலிகூட இருக்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இளவயதில் பல நேரம் முதலில் ஏறுவது கீழ் அளவுதான். 128/94 என்று வந்தால், "மேல் அளவு சரியாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது, 90-ஐத் தாண்டிய கீழ் அளவும் உயர் அழுத்தம்தான். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்து, வேறு வேறு நாட்களில் அளந்து பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

சரி, இளவயதில் வந்தால் காரணத்தையும் தேட வேண்டும். சிறுநீரகத் தமனி குறுகியிருக்கலாம், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி, உடலில் உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கலாம், தூக்கத்தில் மூச்சு தடைபடலாம். இவற்றில் சிலவற்றைச் சரிசெய்தால் பிபியே இறங்கிவிடும். கர்ப்பகாலத்தில் பிபி ஏறி, பிரசவத்துக்குப் பின் இறங்கிய பெண்களுக்கும் பின்னாளில் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்கள் ஆண்டுதோறும் அளந்துகொள்வது நல்லது.