தலைகீழாகத் தொங்கினால் ஜவ்வு உள்ளே போய்விடாது

போன வாரம் பல்லடம் பக்கமிருந்து ஒரு பவர் டேபிள் (மோட்டார் தையல் மேசை) டெய்லர் வந்தார். வாசலிலிருந்து என் மேசைக்கு வருவதற்குள் அவருடைய வலது பாதம் தரையில் பட் பட்டென்று அடிப்பது எனக்குக் கேட்டுவிட்டது. நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று போகிறது என்றார். படுக்க வைத்து, இரண்டு கால் பெருவிரல்களையும் மேல்நோக்கித் தூக்கச் சொன்னேன். இடது விரல் விறைத்து நின்றது. வலது விரல் படுத்தே கிடந்தது. எத்தனை நாளாக இப்படி என்றதற்கு, ஒரு மாதம் இருக்கும் என்றார். அந்த ஒரு மாதமும் காலையிலும் இரவிலும், முதுகுவலிக்காக, மச்சான் வீட்டிலிருந்து எடுத்து வந்த தலைகீழ் மேசையில் (கணுக்கால்களைப் பிடியில் மாட்டிக்கொண்டு படுத்தால் தலைகீழாகச் சாயும் சாதனம்) தொங்கியிருக்கிறார். "தொங்கத் தொங்க வலி குறைந்துகொண்டே வந்ததுங்க அம்மணி, ஜவ்வு உள்ளே போகிறது என்று இருந்துவிட்டேன்" என்றார். ஜவ்வு என்று அவர் சொன்னது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்கை.

வலி குறைவதோடு காலின் பலமும் குறைந்தால் அது குணமாவதன் அடையாளம் அல்ல. நரம்பு செயலிழந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அன்றே தண்டுவட அறுவை மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். முதல் வாரத்திலேயே வந்திருந்தால் அந்தக் கால் தேறுவதற்கு இருந்திருக்கக்கூடிய வாய்ப்பில் ஒரு பகுதி இப்போது கையைவிட்டுப் போய்விட்டது. அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெடலை மிதிப்பதே அந்த வலது காலால்தான்.

இவர் ஒருவர் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். திருப்பூர், சோமனூர், அவிநாசி, காங்கேயம் என்று எங்கிருந்து வருபவரைக் கேட்டாலும், சொந்தத்தில் ஒரு வீட்டில் இந்தச் சாதனம் இருக்கிறது. ஆன்லைனில் வாங்கியவர் பயன்படுத்தி அலுத்தபின் தம்பிக்குக் கொடுக்கிறார், தம்பி பங்காளிக்குக் கொடுக்கிறார். கூடவே வந்த விளக்கப் புத்தகம் முதல் வீட்டோடு நின்றுவிடுகிறது. அதில் அச்சிட்டிருந்த எச்சரிக்கைகளும் அங்கேயே நின்றுவிடுகின்றன.

பிசியோதெரபிஸ்ட்டாக இந்த ஊரில் நான் அதிகம் மல்லுக்கட்டுவது வலியோடு அல்ல, ஒரு நம்பிக்கையோடு. முதுகெலும்புகளுக்கு நடுவில் ஜவ்வு என்பது கேரம் காய் மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, பளு தூக்கினால் அது வெளியே நழுவிவிடுகிறது, இழுத்துவிட்டால் பழையபடி போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது அந்த நம்பிக்கை. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொறியாளர்களே என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள்.

தயவுசெய்து இதை ஒரு முறை பொறுமையாகப் படியுங்கள். ஜவ்வு எங்கும் நழுவுவதில்லை. நழுவவும் முடியாது. மேலே இருக்கும் எலும்பின் அடித்தட்டோடும் கீழே இருக்கும் எலும்பின் மேல்தட்டோடும் அது நாரோடு நாராக ஒட்டி வளர்ந்திருக்கிறது. வெளிப்புறம் வட்ட வட்டமாக அடுக்கிய நார்வளையங்கள், நடுவில் நீர் நிறைந்த கூழ். வயதாலும் பளுவாலும் நார்வளையம் நைந்து, உள்ளே இருக்கும் கூழ் ஒரு பக்கமாகப் புடைக்கிறது. சிலருக்கு நார் கிழிந்து, கூழ் வெளியே வந்து நரம்பின் மேல் சாய்கிறது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது. கிழிந்த நாருக்கு வெளியே வந்த கூழை, தலைகீழாகத் தொங்கி உள்ளே உறிஞ்ச வைக்க முடியாது. தொங்கும் சில நிமிடங்களுக்கு எலும்புகளுக்கு நடுவே இடைவெளி ஓரளவு கூடும், நரம்புக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும், வலி குறைந்ததுபோல் இருக்கும். அது பொய்யான உணர்வு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இறங்கி நின்று, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பவர் டேபிளில் போய் உட்கார்ந்ததும் உடலின் எடை பழையபடி அந்த ஜவ்வின் மேல்தான் இறங்கும்.

பிறகு எப்படித்தான் சரியாகிறது? வெளியே வந்த கூழை உடலே அந்நியப் பொருளாகக் கருதி, வெள்ளணுக்களை அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கியவை பல நேரம் சிறிதாகப் புடைத்தவற்றைவிட நன்றாகவே சுருங்குகின்றன. காலில் இறங்கும் வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தணிவது இதனால்தான். அந்த வாரங்களில் தொங்கியவர் தொங்கியதால் தேறினேன் என்கிறார், மந்திரித்துக்கொண்டவர் மந்திரித்ததால் தேறினேன் என்கிறார்.

படத்தில் புடைப்பு தெரிந்த உடனே மிரள்வதும் வேண்டாம். 1994இல் அமெரிக்காவில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஓரிடத்தில் ஜவ்வு புடைத்திருந்தது. வலி இல்லாதவர்களுக்கே இந்த நிலை. நான் முதலில் ஆளைப் பார்ப்பேன், காலின் பலத்தைப் பார்ப்பேன், அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்ப்பேன். இதற்காகக் கோபித்துக்கொண்டு வேறிடம் போனவர்களும் உண்டு.

முதுகை இழுத்துவிடும் இழுவை சிகிச்சை புதிது அல்ல. எங்கள் துறையில் காலங்காலமாக இருப்பதுதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 32 ஆய்வுகளை, 2762 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. முதுகுவலிக்கு இழுவையால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றுதான் முடிவு வந்தது. தலைகீழ் மேசைக்காரர்கள் எல்லோரும் காட்டுவது இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்து 2012இல் வெளியான வேறோர் ஆய்வை. தொங்கியவர்களில் 77 சதவீதம் பேர் அறுவை சிகிச்சையைத் தவிர்த்தார்கள் என்பார்கள். உண்மைதான், நம்பிக்கை தரும் ஆய்வும்தான். ஆனால் அதில் இருந்தவர்கள் மொத்தமே 26 பேர். எல்லோரும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஜவ்வு கெட்டு, மருத்துவர் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். தொங்கியவர்கள் மேசையோடு பிசியோதெரபியும் பெற்றவர்கள். அந்தக் கணக்கை எடுத்து, யாரும் பரிசோதிக்காத ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் தொங்குவதற்குச் சான்றாகக் காட்டுவது எந்த வகையில் நியாயம்?

எடையே இறங்காவிட்டால் முதுகு சுகமாக இருக்கும் என்பவர்களுக்கு விண்வெளி வீரர்களைச் சொல்கிறேன். அங்கே எடை இல்லை. ஜவ்வுகள் நீர் கோத்து, உயரம் 3 சதவீதம் வரை கூடுகிறது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதுகுவலியும் வருகிறது. பூமிக்குத் திரும்பியபின் ஜவ்வு பிதுங்கும் ஆபத்தும் மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம்.

உயரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. காவலர் தேர்வுக்கு 170 சென்டிமீட்டர் வேண்டும் என்று பையன்களைத் தொங்கவிடும் தகப்பன்மார்களே, எலும்பு வளராமல் உயரம் வளராது. இரவு முழுவதும் படுத்து எழுந்தாலே எல்லோரும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகத்தான் இருப்போம், மாலைக்குள் அது போய்விடும். பையனைத் தூங்கவிடுங்கள்.

"யோகிகள் சிரசாசனம் செய்யவில்லையா?" என்பது அடுத்த கேள்வி. சிரசாசனத்தில் முதுகு இழுபடுவதில்லை, எடை கழுத்தின் மேல் இறங்குகிறது. இரண்டும் வெவ்வேறு. ஆனால் கண்ணைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே கெடுதல். சிரசாசனம் செய்பவர்களின் கண்ணழுத்தத்தைச் சென்னை மருத்துவர்கள் அளந்து 2006இல் வெளியிட்டார்கள். தலைகீழாக நின்றபோது அது ஏறக்குறைய இரண்டு மடங்கானது. சாதாரணமாகக் கண்ணழுத்தம் 10இலிருந்து 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். ஏற்கெனவே கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பவருக்கு, நைந்துபோயிருக்கும் பார்வை நரம்பின் மேல் இன்னொரு மடங்கு ஏற்றுவது என்ன நியாயம்? அந்த நோய் தனக்கு இருப்பது தெரியாமல் நடமாடுபவர்கள்தான் நம் நாட்டில் பெரும்பான்மை. வலி இருக்காது, ஓரப் பார்வை சத்தமில்லாமல் போகும்.

கண்ணழுத்தம் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், "போன வருடம்தான் கண்ணாடி மாற்றினேனுங்க" என்கிறார்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது கண்ணழுத்தம் பார்ப்பது ஆகாது. கண் மருத்துவரிடம் போய், அழுத்தம் பார்க்க வேண்டும், நரம்பைப் பார்க்க வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருப்பவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருப்பவர்கள் தொங்கவே கூடாது. அங்கே புதிதாக முளைத்திருக்கும் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை.

ரத்த அழுத்தம் இருப்பவர், இதய நோயாளி, பக்கவாதம் வந்தவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர், கர்ப்பிணி, எலும்புத் தேய்மானம் உள்ள வயதான பெண்கள், நெஞ்செரிச்சலோடு குடலிறக்கம் உள்ளவர், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்: யாருக்கும் இது வேண்டாம். காரணம் ஒவ்வொன்றாக எழுதினால் பக்கம் போதாது. உங்கள் மருத்துவரிடம் கேட்டால் சொல்வார். மூளைக்கு ரத்தம் ஓடி நினைவாற்றல் கூடும், முடி வளரும் என்பதெல்லாம் வியாபாரப் பேச்சு. மூளை தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே அளந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் தலைகீழாக நின்று ஊற்ற வேண்டியதில்லை.

இனி அந்தச் சாதனத்தையும் பார்ப்போம். உங்கள் முழு எடையையும் தாங்குவது இரண்டு கணுக்கால் பிடிகள். முட்டிக்குக் கீழே நாராயண தைலமும் விளக்கெண்ணெயும் தேய்த்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறுகிறார்கள்! வழுக்கினால் முதலில் தரையில் மோதுவது தலை, அடுத்து மடிவது கழுத்து. காலைத் துடைத்து, உறையும் ஷூவும் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். பிடியை மாட்டியபின் காலை அசைத்துப் பார்க்க வேண்டும். உயரம் வைக்கும் கம்பியின் ஊசி துளைக்குள் முழுதாக இறங்கியிருக்க வேண்டும். கம்பியின் அளவு உங்கள் உயரத்துக்கு இருக்க வேண்டும். மச்சானின் உயரத்துக்கு வைத்ததில் நீங்கள் படுத்தால், மேசை ஒரே வீச்சில் கவிழலாம், திரும்பி எழ முடியாமல் போகலாம். சாய்வைக் கட்டுப்படுத்தும் நைலான் பட்டையைத் தொந்தரவு என்று கழற்றிப் போட்டிருப்பவர்களே அதிகம். அதை இன்றே எடுத்து மாட்டுங்கள். மருத்துவர் சரி என்று சொன்னவர்களும் லேசான சாய்வில் ஓரிரு நிமிடங்களில் தொடங்கினால் போதும், முழுதாகத் தலைகீழாக வேண்டியதே இல்லை. சாப்பிட்ட உடனே கூடாது. வீட்டில் ஆள் இல்லாதபோது கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் மடக்கி, பூட்டிய அறையில் வையுங்கள். அந்த மடிப்பில் பிஞ்சு விரல் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை.

உண்மையில் உங்கள் முதுகைக் கெடுப்பது பூமியின் ஈர்ப்பு அல்ல, ஒன்றரை ஷிப்ட். சாய்மானமில்லாத ஸ்டூலில், காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை, முன்குனிந்து, பீஸ் கணக்குக்காக எழுந்திருக்காமல் தைப்பது. நிற்பதைவிட முன்குனிந்து உட்காரும்போதுதான் ஜவ்வின் மேல் அழுத்தம் அதிகம். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாகெம்சன், 1960களிலேயே உயிருள்ள மனிதர்களின் ஜவ்வுக்குள் ஊசி செலுத்தி இதை அளந்து காட்டினார். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் நாலு முறை சாயுங்கள். அரை நிமிடம்தான் ஆகும். சூப்பர்வைசர்களே, அந்த அரை நிமிடத்துக்குத் திட்டாதீர்கள். வேலை முடிந்து வலியோடு வந்தால் தரையில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, கெண்டைக்கால்களை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் வைத்துப் பத்து நிமிடம் இருங்கள். மேசை தருவதாகச் சொல்லும் சுகத்தில் பெரும்பகுதி இதிலேயே கிடைக்கும், ஆபத்தும் இல்லை. முடிந்த அளவு நடங்கள். வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தால் முதுகுத் தசை இளைத்துப்போகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமலேயே வெளியேறினாலோ, இரண்டு கால்களும் ஒருசேரத் தளர்ந்தாலோ, அது தண்டுவடத்தின் அடிமுனையிலிருந்து இறங்கும் வால் நரம்புக் கொத்து நசுங்குவது. மணிக்கணக்கில் முடிவாகும் விஷயம். இரவு பன்னிரண்டு மணியானாலும் வண்டி பிடித்துத் தண்டுவட அறுவை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். விடியட்டும், ஒரு முறை தொங்கிப் பார்ப்போம், எண்ணெய் போட்டுப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். சொல்லக் கூச்சப்பட்டே காலம் கடத்தும் பெண்கள் நிறையப் பேர். சிறுநீர் என்று என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள், போதும். பாதம் தூக்க வரவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டில் அந்த மேசை சும்மா கிடக்கிறது, சொந்தக்காரர் கேட்கிறார் என்றால், கொடுப்பதற்கு முன் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கண்ணழுத்தம் பார்த்தாயிற்றா, ரத்த அழுத்தம் எவ்வளவு, இரண்டு பெருவிரல்களும் மேலே எழுகின்றனவா? மூன்றுக்கும் பதில் தெரியும்வரை அது உங்கள் வீட்டிலேயே கிடக்கட்டும்.