லினக்ஸில் பிராசசர் வேகம் ஏறவில்லையா? கவர்னரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

"லினக்ஸ் போட்டதிலிருந்து மெஷின் இழுக்குது சார்" என்று லேப்டாப்பைக் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர், எங்கிருந்தோ எடுத்த நாலைந்து கட்டளைகளை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். கவர்னர் (பிராசசர் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி) பெர்ஃபார்மன்ஸுக்கு மாறியிருக்கும். மின்சிக்கனக் கருவியான டிஎல்பியை நிறுவியிருப்பார்கள், அதன் தலையில் அதே மாதிரி இன்னொரு கருவியான ஆட்டோ-சிபியுஃப்ரீக்கும் உட்கார்ந்திருக்கும். பூட் செய்யும் கிரப்பின் வரியில் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவரை அணைத்திருப்பார்கள். இவ்வளவுக்கும் பிறகு பிராசசர் அதே 800 மெகாஹெர்ட்ஸில்தான் நிற்கும். வேகத்தை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் கவர்னரை மாற்றிப் பயனில்லை. லினக்ஸின் மையமான கெர்னல் பிடித்திருக்கலாம், மதர்போர்டிலேயே இருக்கும் பயாஸ் பிடித்திருக்கலாம், சார்ஜர்கூடப் பிடித்திருக்கலாம். கவர்னரின் கை எட்டுவது முதல் இடத்தில் மட்டும்தான்.

வேகத்தை ஏன் கூட்டிக் குறைக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிப் உறிஞ்சும் மின்சாரம் அதிர்வெண்ணோடு (அதாவது வேகத்தோடு) நேராகவும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம், சேமிப்பு அங்கேதான் கிடைக்கிறது. லினக்ஸில் இதைக் கவனிக்கும் பகுதிக்கு சிபியுஃப்ரீக் என்று பெயர். அதில் டிரைவர் வன்பொருளோடு பேசும், எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைக் கவர்னர் முடிவு செய்யும். ஆன்டிமாண்ட், கன்சர்வேட்டிவ் எல்லாம் பழைய கவர்னர்கள். 2016-இல் 4.7 கெர்னலோடு வந்த ஸ்கெட்யூட்டில், வேலைகளைப் பங்கிடும் ஷெட்யூலரிடமே கணக்குக் கேட்டு வேகத்தை முடிவு செய்கிறது.

முதலில் எதையும் மாற்றாமல் படித்துப் பாருங்கள். 'சிபியுபவர் ஃப்ரீக்வென்சி-இன்ஃபோ' என்ற கட்டளை போதும். (கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.) உபுண்டுவில் இது லினக்ஸ்-டூல்ஸ் தொகுப்பிலும், டெபியனில் லினக்ஸ்-சிபியுபவர் தொகுப்பிலும், ஃபெடோராவில் கெர்னல்-டூல்ஸிலும் கிடைக்கும். டிரைவர் எது, வன்பொருளின் உச்சமும் அடியும் என்ன, இப்போது அமலில் இருக்கும் வரம்பு என்ன, டர்போ (வழக்கமான வேகத்துக்கு மேல் தற்காலிகமாக ஏறும் வசதி) திறந்திருக்கிறதா என்று எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும்.

இங்கேதான் பலரும் முதலில் வழுக்குகிறார்கள். கவர்னர் என்ற இடத்தில் 'பவர்சேவ்' என்று இருக்கும். "ஆகா, இதுதான் வில்லன்" என்று உடனே பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிவிடுவார்கள். பழைய ஏசிபிஐ-சிபியுஃப்ரீக் டிரைவரில் பவர்சேவ் என்றால் அனுமதித்த வரம்பின் அடிமட்ட வேகத்திலேயே கிட என்று பொருள். அங்கே அது வில்லன்தான். ஆனால் இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் ஆக்டிவ் முறையில் (வேகத்தை டிரைவரே பார்த்துக்கொள்ளும் முறை) ஓடும்போது கவர்னர் பட்டியலில் இரண்டே பெயர்கள்தான் இருக்கும்: பெர்ஃபார்மன்ஸ், பவர்சேவ். அந்தப் பவர்சேவ் வேறு ஆள். லோடு (வேலைப் பளு) வந்தால் டர்போ வரை தாராளமாக ஏறும், வேலை முடிந்ததும் இறங்கும். 2015-இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் சிப்பே பார்த்துக்கொள்கிறது. கெர்னல் கொடுப்பது 'வேகம் முக்கியமா, சிக்கனம் முக்கியமா' என்ற குறிப்பு மட்டும்தான். அதை எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் பிரிஃபரன்ஸ் என்ற கோப்பில் பார்க்கலாம். ஆகவே டிரைவர் பெயரைப் பார்க்காமல் கவர்னர் பெயரை மட்டும் படித்தால் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள்.

அடுத்த வழுக்கல், சும்மா இருக்கும் மெஷினின் வேகத்தைப் பார்த்துப் பதறுவது. வேலையே இல்லாதபோது பிராசசர் 800-இல் இருந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். லோடு கொடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு டெர்மினலில் பிராசசருக்கு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜியை எல்லாக் கோர்களுக்கும் ஓடவிடுங்கள், சிபியு எண்ணிக்கைக்குச் சுழியம் கொடுத்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். இன்னொரு டெர்மினலில் ரூட்டாக, வேகத்தையும் சூட்டையும் காட்டும் டர்போஸ்டாட். அதில் 'ஏவரேஜ் மெகாஹெர்ட்ஸ்' என்ற பத்தியைப் பார்க்காதீர்கள், தூங்கும் நேரத்தையும் சேர்த்துச் சராசரி போடுவது அது. பார்க்க வேண்டியது 'பிஸி மெகாஹெர்ட்ஸ்'. கோர் விழித்திருந்த நேரத்தில் உண்மையில் ஓடிய வேகம் அதில்தான் தெரியும். கூடவே பேக்கேஜ் வெப்பநிலை, பேக்கேஜ் வாட் என்ற இரண்டு பத்திகள். இந்த மூன்றையும் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

மூன்று எண்களும் சேர்ந்து எப்படி நகர்கின்றன என்பதுதான் விஷயம். தொடக்கத்தில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறி, வெப்பம் 95, 100 டிகிரியைத் தொட்டதும் வேகம் சரிந்து, ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் அது சூடு. தொடக்கத்தில் சிறிது நேரம் நன்றாக ஓடி, பிறகு வேகம் குறைந்து, வெப்பம் 70-லேயே இருக்க, வாட் மட்டும் 15-இல் ஆணி அடித்தது போல நின்றால் அது மின்வரம்பு. 15 வாட் சிப் 15 வாட்டில் நிற்பது நோயே அல்ல. சில நொடிகள் அதற்கு மேல் போகவிட்டு, பிறகு நீண்டகால வரம்புக்கு இறக்குவதுதான் அதன் வடிவமைப்பு. மூன்றாவது வகை, லோடு கொடுத்த முதல் நொடியிலிருந்தே 400 அல்லது 800 மெகாஹெர்ட்ஸ், வெப்பம் 45 டிகிரி, வாட் மிகக் குறைவு. மூச்சே விடாது. இந்த மூன்றாவதுதான் ஆளை அலைக்கழிப்பது.

அண்மையில் அப்படி ஒன்று வந்தது. டிரைவர், கவர்னர், உச்ச வரம்பு எல்லாம் சரி. டர்போவும் திறந்திருக்கிறது. ஆனால் பிஸி மெகாஹெர்ட்ஸ் எல்லாக் கோர்களிலும் 399-ஐத் தாண்டவில்லை. உரிமையாளர் விண்டோஸிலிருந்து புதிதாக மாறியவர், லினக்ஸ் மேல் கோபத்தோடு இருந்தார். சார்ஜர் முள்ளைப் பிடுங்கியதும் அடுத்த வரியில் 3100. திரும்பச் செருகினால் மறுபடி 399. பேட்டரியும் சார்ஜ் ஏறவில்லை, டாஸ்க்பாரில் 'நாட் சார்ஜிங்' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. சில நிறுவனங்களின் சார்ஜர் முள்ளின் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். நான் இத்தனை வாட் சார்ஜர் என்று மெஷினுக்குச் சொல்வது அதன் வேலை. ஊசி வளைந்தாலோ, ஒயருக்குள் அறுந்தாலோ, மலிவான மாற்றுச் சார்ஜரில் அந்த அடையாளச் சிப்பே இல்லாவிட்டாலோ மெஷினுக்குச் சார்ஜர் அடையாளம் தெரியாது. தெரியாத சார்ஜரை நம்பி முழு வேகத்தில் ஓடுவதில்லை. மதர்போர்டிலிருக்கும் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சின்னச் சிப், ப்ராக்ஹாட் என்ற கம்பியை இழுத்துப் பிடித்து, பிராசசரை அடிமட்ட வேகத்துக்கு இறக்கிவிடும். இது நடப்பது கெர்னலுக்குக் கீழே. அங்கே விண்டோஸ் போட்டிருந்தாலும் அதே 399-தான். சரியான சார்ஜர் வாங்கியதும் விஷயம் முடிந்தது.

டைப்-சி மெஷின்களில் இதே கதை வேறு வேஷத்தில் வரும். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு போன் சார்ஜரைச் செருகினால் பல மாடல்கள் வேகத்தை அடக்கிவிடும். பேட்டரி செத்துப்போன அல்லது கழற்றிய லேப்டாப்புகளும் அப்படித்தான். திடீரென்று கூடுதல் மின்சாரம் தேவைப்பட்டால் தாங்கிப்பிடிக்க ஆள் இல்லை என்பதால் முன்னெச்சரிக்கையாக இறங்கிவிடுகின்றன.

இந்த நிலைக்கு இணையத்தில் மிகப் பிரபலமான மருந்து ஒன்று உண்டு. சிப்பின் உள் அமைப்புகளை மாற்றும் எம்எஸ்ஆர்-டூல்ஸை நிறுவி, வெளியிலிருந்து வரும் ப்ராக்ஹாட் சைகையைச் சிப் கேட்காதபடி ஒரு பிட்டை அணைத்துவிடுவது. உடனே வேகம் ஏறும், அதனால்தான் பிரபலம். சிப்புக்குத் தன் சொந்தச் சூட்டுப் பாதுகாப்பு அப்போதும் இருக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கம்பி, மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதி கொதிக்கிறது, அடாப்டர் தாங்கவில்லை என்று சொல்வதற்கும்தான் இருக்கிறது. எந்தக் காரணத்தால் சைகை வருகிறது என்று தெரியாமல் அதை அணைப்பது எச்சரிப்பவரின் வாயைக் கட்டுவதற்குச் சமம். அடாப்டர் உருகிய பிறகு என்னிடம் வந்தால் நான் பார்க்க வேண்டியது லினக்ஸ் பிரச்சினையாக இருக்காது. சார்ஜர், பேட்டரி, சூடு மூன்றும் நன்றாக இருந்து, போர்டிலுள்ள சென்சர்தான் கெட்டது என்று உறுதியானால் மட்டும், போர்டு மாற்றும் வரை ஒப்பேற்ற அதைப் பயன்படுத்துவேன். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்றும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் கெர்னலின் லாக்டவுன் இப்படிப் பிட்டை மாற்றி எழுதுவதை அனுமதிக்காது. அதற்காகச் செக்யூர் பூட்டையும் அணைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன், ஒன்றை மறைக்க இன்னொன்று.

தூங்கவைத்து எழுப்பிய பிறகு மட்டும் 400-இல் மாட்டிக்கொள்ளும் மெஷின்களும் உண்டு. அங்கே எம்பெடட் கன்ட்ரோலர் குழம்பியிருக்க வாய்ப்பு அதிகம். ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு ஏற்றுங்கள். சரியாகி, பிறகு மறுபடி வந்தால் பயாஸ் புதுப்பிப்பு இருக்கிறதா என்று எஃப்டபிள்யூயூப்டி என்ற புதுப்பிப்புக் கருவி மூலம் தேடுங்கள்.

சூடு விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிஸ் கோப்பகத்தில் ஒவ்வொரு சிபியுவுக்கும் தெர்மல் த்ராட்டில் என்ற அடைவு இருக்கும். அதில் கோர் த்ராட்டில் கவுன்ட் ஏறிக்கொண்டே போனால் சந்தேகத்துக்கு இடமில்லை, கெர்னலின் பதிவைக் காட்டும் டிமெசேஜிலும் வரி விழுந்திருக்கும். பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் லேப்டாப்புகளில் ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருக்கும், விரலால் ஒரே துண்டாக உரித்தெடுக்கலாம். சுத்தம் செய்து பேஸ்ட்டை மாற்றினால் எந்தக் கட்டளையும் தராத வேகம் கிடைக்கும்.

இனி மென்பொருள் பக்கம். ஸ்கேலிங் மேக்ஸ் ஃப்ரீக் என்ற கோப்பிலுள்ள எண், சிபியுஇன்ஃபோ மேக்ஸ் ஃப்ரீக்கை விடக் குறைவாக இருந்தால் யாரோ வரம்பு போட்டிருக்கிறார்கள். எண்கள் கிலோஹெர்ட்ஸில் இருக்கும், 3600000 என்றால் 3.6 கிகாஹெர்ட்ஸ். நீங்கள் மாற்றிய கவர்னர் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிட்டாலும் காரணம் இன்னொரு சர்வீஸ்தான். பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன், டிஎல்பி, டியூன்டு, ஆட்டோ-சிபியுஃப்ரீக் எல்லாம் ஒரே கோப்புகளில்தான் எழுதுகின்றன. ஒன்று மட்டும் இருக்கட்டும், மற்றவற்றை நீக்குங்கள். நீக்காவிட்டால் வெறுமனே நிறுத்துவது போதாது, மறுபடி கிளம்பாதபடி மாஸ்க் செய்யுங்கள். டெஸ்க்டாப்போடு வந்ததையே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் விருப்பம். உபுண்டு க்னோமில் பவர்-ப்ரொஃபைல்ஸ்-டீமன், ஃபெடோராவில் 41-ஆம் பதிப்பிலிருந்து டியூன்டு. பவர்ப்ரொஃபைல்ஸ்சிடிஎல் என்று அடித்தால் சில திங்க்பேட் மாடல்களில் 'லேப்-டிடெக்டட்' என்று காட்டும். மெஷின் மடியில் இருப்பதாக உணர்ந்து, தொடை சுடாமலிருக்க வேகத்தைக் குறைத்திருக்கிறது. மேசையில் வையுங்கள்.

நோ டர்போ என்ற கோப்பில் 1 இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பேட்டரி நீடிக்கட்டும் என்று எப்போதோ அணைத்துவிட்டு மறந்தவர்கள் நிறைய.

ஏஎம்டி மெஷின்களில் கேள்வி வேறு. டிரைவர் ஏசிபிஐ-சிபியுஃப்ரீக் என்று காட்டினால், ரைசன் சிப்பாக இருந்தாலும் பெரும்பாலும் மூன்றே படிகள்தான் கிடைக்கும். ஏஎம்டி பி-ஸ்டேட் டிரைவர் 2022-இல் 5.17 கெர்னலில் வந்தது, ஆக்டிவ் முறை 6.3-இல். புதிய கெர்னலிலும் அந்த டிரைவர் ஏறவில்லையென்றால் பயாஸில் சிபிபிசி (வேகம் பற்றிச் சிப்பும் கெர்னலும் பேசிக்கொள்ளும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகை விர்ச்சுவல் மெஷினில் சிபியுஃப்ரீக் அடைவையே காணோம் என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே வேகம் கீழேயுள்ள ஹோஸ்டின் கையில், நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் விசிஜென்சிஎம்டி கட்டளை கொண்டு கெட் த்ராட்டில்டு கேளுங்கள். சுழியம் வந்தால் நலம். 50005 என்று முடிந்தால் இந்த நிமிடமே மின்னழுத்தம் போதாமல் வேகம் குறைந்திருக்கிறது, 50000 என்றால் பூட் ஆனதற்குப் பிறகு எப்போதோ குறைந்திருந்தது. எல்லை 4.63 வோல்ட். பெரும்பாலும் குற்றவாளி மெல்லிய யுஎஸ்பி கேபிள்.

கெர்னல் புதுப்பித்த பிறகுதான் தொல்லை என்றால் கிரப் பட்டியலிலிருந்து பழைய கெர்னலில் ஏறி, அதே லோடை அதே சார்ஜரோடு கொடுத்து ஒப்பிடுங்கள். பழையதிலும் அதே வேகம் என்றால் கெர்னலை விட்டுவிட்டு வன்பொருள் பக்கம் வாருங்கள். புதியதில் மட்டும் குறைகிறது என்றால் அது உண்மையான பிழை, டிஸ்ட்ரோவின் பிழைப்பதிவில் எழுதலாம். எழுதும்போது இரண்டு கெர்னல் எண்கள், பயாஸ் பதிப்பு, சிபியுபவர் வெளியீடு, லோடின்போது டர்போஸ்டாட் காட்டிய பத்துப் பதினைந்து வரிகள், சார்ஜரோடு ஒரு முறையும் பேட்டரியில் ஒரு முறையும் எடுத்தவை, இவ்வளவும் சேருங்கள்.